ஹெல்மெட் போட்ட பிறகுதான் போர்

ஆன்லைன் சண்டை விளையாட்டில் மூன்று வருஷம் இருந்தும் ஒரு எதிரியைக்கூடச் சுடாத ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் சேஃப்டி அண்ணன்தான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து எங்கள் அறையில் தங்கியிருந்தார். கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். அங்கே கற்றதையெல்லாம் செல்போன் போர்க்களத்துக்கும் கொண்டுவந்துவிடுவார். விமானத்திலிருந்து குதித்ததும் மற்ற அணிகள் துப்பாக்கி தேடி ஓடும். அண்ணன் எங்களைச் சுவரோரம் நிறுத்தி, "ஹெல்மெட் போட்டாச்சால? ஜாக்கெட்டு? இல்லாதவன் வெளிய வரக் கூடாது" என்று சோதிப்பார். அதற்குள் எதிரி வந்து நாலு பேரையும் வரிசையாகச் சுட்டுவிட்டுப் போவான். ஹெல்மெட்டோடு சாவோம்.

ஜீப்பை வளைவில் ஹார்ன் அடித்துத்தான் திருப்புவார். நாங்கள் ஒளிந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

இப்பேர்ப்பட்டவரின் கல்யாணத்துக்கு கேமே தடையாக வந்தது. பக்கத்து லைனில் வேலை பார்த்த பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணும் அவரும் விரும்பினார்கள். பெண்ணின் அப்பா ஊர், சாதி எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டு, "கேம் ஆட்றவனுக்கு மட்டும் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று நின்றுவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஆன்லைன் கேமைப் பற்றிய படம் ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. பெண்ணின் அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினால் நம் உலகம் அவருக்குப் புரிந்துவிடும் என்று யோசனை சொன்னவன் நான். நான் படத்தைப் பார்த்துவிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை.

பத்தாவது நிமிஷம் கதாநாயகன் கேமில் தோற்று, தன் வீட்டுக்கே தீ வைத்தான். அவன் கேம் ஆடிய அறையில் ஊதா விளக்கு, விமான சீட் மாதிரி நாற்காலி, நாலு திரை. பெண்ணின் அப்பா மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்க ரூம்ல நாற்காலியே கெடையாது. பாயிலதான் உக்காருவோம்" என்றார் அண்ணன். கதாநாயகன் பைக்கில் பறந்தபோது அவருக்குத் தாங்கவில்லை. "ஹெல்மெட் போடாம ஓட்டுதான் பாருங்க." முன்வரிசை மொத்தமும் திரும்பியது.

இடைவேளையில் டீ குடிக்க வெளியே வந்தோம்.

"இதான் நீ தெனம் ஆட்றதாப்பா?" என்றார் பெண்ணின் அப்பா.

"நாங்க ஆடுதது இது இல்ல அண்ணாச்சி." அண்ணன் போனை எடுத்தார். நானும் சேர்ந்துகொண்டேன். குதித்தோம், சோதனை முடிந்தது. சற்று நேரத்தில் குண்டு பட்டு வெட்டவெளியில் விழுந்தேன். "அங்கனயே கெட, வாரேன்" என்று மறைவிலிருந்து ஓடி வந்து, எனக்குக் கட்டுப் போடக் குனிந்தார். அவரையும் சுட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா கேட்டார்: "மறைஞ்சிகினு இருந்தா நீ பொழச்சிருப்ப. இன்னாத்துக்கு வெளிய வந்த?"

"நம்ம ரூம் பய விழுந்து கெடக்கான். உட்டுட்டு எப்படி இருக்க?"

பெரியவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். உள்ளே மணி அடித்தது.

"மீதிப் படம் வேணாம். வூட்டுக்கு வா, தேதி பேசலாம்."

"சரிங்க அண்ணாச்சி."

"இன்னும் இன்னாப்பா அண்ணாச்சி? மாமான்னு கூப்டு."

இப்போது அண்ணன் பிள்ளைப்பாக்கத்தில் குடித்தனம். எங்கள் அறைக்குப் புதிதாக வந்திருப்பவன் குறி தப்பாமல் சுடுகிறான். தினமும் ஜெயிக்கிறோம். ஜெயித்ததும் அவரவர் போனை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். பேசிச் சிரிக்க ஒன்றுமில்லை.