கை கழுவினால் காமாலை போகும்

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே கீழவாளங்குடிக்கு மூன்று வாரங்களாகப் பஸ் நிறையக் கூட்டம் வந்தது. காரணம், வைத்தியர் சாரங்கபாணி. காமாலையைக் கையாலேயே இறக்கிவிடுவாராம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, படிப்பும் கிடையாது.

நோயாளியின் கைகளில் மந்திரித்த சாற்றைத் தடவுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். பிறகு தெளிந்த 'தீர்த்தம்' ஊற்றிக் கழுவுவார். தண்ணீர் மஞ்சளாக வழியும். காமாலை இறங்குகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கை, ஆளுக்கொரு சேவல். நோயை விரட்டும் தெய்வசக்திக்குக் கோழிக்குழம்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

ஊருக்குள் காமாலை பரவியதுமே கிராம சுகாதார செவிலியர் குந்தவை வீடு வீடாக நடந்து கணக்கெடுத்தார். பதினேழு பேர், அத்தனை பேரும் கீழத்தெரு. அந்தத் தெருவின் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது. பஞ்சாயத்தை நச்சரித்துக் குழாயை மாற்ற வைத்தார். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஒவ்வோர் அடுப்படியிலும் போய்ச் சொன்னார். இதற்கெல்லாம் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரைத் தூங்கவிடாதவள் செம்மொழி. எட்டு மாதக் கர்ப்பிணி, கண்ணெல்லாம் மஞ்சள். இந்த நிலையில் காமாலை தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்விடும், உடனே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மாமியார் காளியம்மாள் மசியவில்லை.

"ரெண்டு தடவ இறக்கியாச்சு நர்சம்மா. நாளைக்கு ஒரு தடவ, அவ்வளவுதான்."

மறுநாள் குந்தவையும் சீருடை இல்லாமல் வரிசையில் நின்றார். மார்பில் துணியால் சுற்றிய குழந்தை. அவருக்குப் பின்னால் செம்மொழியும் காளியம்மாளும்.

"பாலே குடிக்கலைங்க. அழவும் இல்ல," என்றார் குந்தவை.

சாரங்கபாணி கண்ணை மூடிக்கொண்டு, துணிக்கு வெளியே நீட்டியிருந்த குட்டிக் கையில் சாற்றைத் தேய்த்தார். கை சில்லென்றிருந்தது. முற்றிய காமாலை அப்படித்தான் உறைந்திருக்கும் என்று அவரே விளக்கமும் சொன்னார். கழுவினார். மஞ்சளாகக் கொட்டியது.

"நல்லவேள, இன்னைக்கே கொண்டாந்தீங்க. ஒரு நாள் தள்ளியிருந்தா உசுரு தங்கியிருக்காது."

குந்தவை துணியை விலக்கினார். ரப்பர் பொம்மை. பிள்ளையை எப்படிப் பிடித்துப் பால் கொடுப்பது என்று கர்ப்பிணிகளுக்குக் காட்ட, சுகாதார நிலையத்தில் வைத்திருப்பது. அதை மடியில் வைத்துப் பழகிய செம்மொழிதான் முதலில் சிரித்தாள்.

பொம்மையையும் பிடிக்கும் காமாலை இது என்று சாரங்கபாணி சொல்லிப் பார்த்தார். குந்தவை அதே சாற்றைத் தன் கையில் தடவி, அதே தீர்த்தத்தில் கழுவிக் காட்டினார். அதுவும் மஞ்சள்தான்.

"இது மாம்பட்டைச் சாறு. அது தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. ரெண்டும் சேந்தா மஞ்சளாகும். உடம்புல இருக்கற காமாலை அப்படியேதான் இருக்கும்."

வரிசை குலைந்தது. அவரவர் சேவலை அவரவர் பிடுங்கிக்கொண்டார்கள். காளியம்மாள் மருமகளின் மஞ்சள் கண்களையே பார்த்தபடி நின்றாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க நர்சம்மா."

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். செம்மொழி பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

சாரங்கபாணி இப்போது வேறோர் ஊரில் மூட்டுவலி இறக்குகிறாராம். அங்கேயும் கூட்டமாம். அந்த ஊர்க்காரர்களே, உங்கள் காலைப் பிறகு நீட்டலாம். முதலில் வலியே இல்லாத ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக, மூளை ஒன்றும் செருப்பில்லை.