பேருக்கு ஒரு வேட்பாளர்

"எனக்கு மட்டும் ஓட்டுப் போட்டுடாதீங்க" என்று ரஸ்ஸல் சொன்னதும், கதவைப் பாதி சாத்திவிட்டிருந்த பிரூவிட் கிழவர் அதை மறுபடியும் முழுதாகத் திறந்தார்.

"என்ன சொன்னே?"

"ஹில்டா மார்ஷாமுக்கே போடுங்க சார். இந்த வார்டுக்கு அவங்கதான் சரி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வாசல்ல வந்து நின்ன அத்தனை பேரும் தனக்கு எல்லாம் தெரியும்னுதான் சொன்னானுங்க. ஏ டோரிஸ்! அடுப்பை அணைச்சிட்டு இங்க வா! உண்மை பேசுற வேட்பாளர் ஒருத்தர் வந்திருக்காரு!"

அவர் மனைவி டோரிஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ரஸ்ஸலை ஏதோ காட்சிசாலையில் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரஸ்ஸல் கையை உருவிக்கொண்டு அவசரமாக வாசல்படி இறங்கினான்.

ரஸ்ஸல் பெக், பென்னிங்ஃபோர்ட் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். நாலு பேர் நடுவில் எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தங்கை கல்யாண விருந்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்தவன், "அனைவருக்கும்" என்ற சொல்லோடு மயங்கி விழுந்து, கேக்கைக் கவிழ்த்தவன். அப்படிப்பட்டவன் நகராட்சித் தேர்தலில் நின்றதற்கு ஒரு திருகாணிதான் காரணம். கட்சிச் செயலாளர் காலின் டக்வெல் தன் கண்ணாடியின் ஆடிப்போன காதைச் சரிசெய்ய வந்த இடத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"மில்கேட் வார்டுக்கு நம்ம கட்சியில ஆளே இல்லப்பா. வாக்குச்சீட்டுல கட்சிப் பேரு இருக்கணும். அதுக்கு யாராவது ஒருத்தன் பேருக்கு நிக்கணும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். வீட்டுலயே இரு."

"ஜெயிச்சிட்டா?"

காலின் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியுமா? ஹில்டா! அவங்களை எவனும் ஜெயிச்சதில்ல. ஜெயிக்கவும் மாட்டான்."

எதிரில் நிற்பது ஹில்டா என்று தெரிவதற்குள் ரஸ்ஸல் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது, மூன்றாம் மாடி வீட்டுக்குப் பதிலாகத் தரைத்தளத்தில் நகராட்சி வீடு வாங்கிக் கொடுத்தவர் வார்டு கவுன்சிலரான அந்த ஹில்டாதான். அவரை எதிர்த்து நிற்பதே தப்பு. தப்பித்தவறி அவர் தோற்றுவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று மாலையே மன்னிப்புக் கேட்க ஓடினான். ஹில்டா கதவைத் திறந்ததும் வாசல் நிறைந்துவிட்டது. உருவத்திலும் குரலிலும் அப்படி ஒரு ஆகிருதி. மன்னிப்பைக் காதிலேயே வாங்காமல் அவனை உட்கார வைத்து, தேநீர் ஊற்றி, இஞ்சிக் கேக்கைத் தடிமனாக வெட்டி வைத்தார்.

"நில்லு கண்ணு. நல்லா நில்லு. ஜெயிக்கணும்னே நில்லு!"

"ஐயோ, மிஸஸ் மார்ஷாம்! நான் பேருக்குத்தான்..."

"அப்படிச் சொல்லாதே! வாலிபப் பிள்ளை, துணிஞ்சு இறங்கு. உன் சுவரொட்டி ஒண்ணு கொடு. என் ஜன்னல்லயே ஒட்டறேன்."

ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவருடைய கணவர் வால்டர் ஒருமுறை இருமினார். அந்த வீட்டில் அவர் பங்குக்கு வரும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

மறுநாள் ஹில்டாவின் ஜன்னலில் ரஸ்ஸலின் முகம் தொங்கியது. அவன் எதிர்ச்சாரியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிராளியின் படத்தைத் தன் வீட்டு ஜன்னலில் ஒட்ட எவ்வளவு பெரிய மனது வேண்டும்! இந்த மனுஷியை எப்படியும் ஜெயிக்க வைத்தாக வேண்டும் என்று முடிவு கட்டினான்.

அப்படித்தான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தான். பிரூவிட் கிழவர் மதுக்கடையில் சொன்னதில், உண்மை பேசுகிற வேட்பாளரைப் பார்க்க ஜனங்கள் அவன் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சரி, வாயைத் திறந்தால்தானே வம்பு. செயலில் காட்டுவோம் என்று நினைத்தான். மில் சந்து முனையில் சாக்கடை அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தெரு குளமாகிவிடும். அதற்காக எல்லோரும் ஹில்டாவைத்தான் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீளக் கம்பியும் ரப்பர் பூட்ஸுமாகப் போய், முழங்கை வரை உள்ளே விட்டு, இலையும் சேறும் யாரோ தொலைத்த ஒரு டென்னிஸ் பந்துமாக வெளியே இழுத்துப் போட்டான். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. இரவு அங்கியோடும் தேநீர்க் கோப்பையோடும் தெருவே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"நானா வரல" என்று உரக்கச் சொன்னான் ரஸ்ஸல். "ஹில்டாதான் அனுப்பினாங்க. நன்றி சொல்றதுன்னா அவங்களுக்குச் சொல்லுங்க."

"ஹில்டாவா?" என்றாள் ஒருத்தி. "நேத்து அவங்ககிட்ட சொன்னதுக்கு, 'அதையெல்லாம் ரஸ்ஸல்கிட்ட போய்ச் சொல்லுங்க'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னாங்களே!"

"விடு" என்றான் அவள் புருஷன், கண் கலங்க. "செஞ்சது இவன். பேரை அவங்களுக்குக் குடுக்கறான். இப்படி ஒரு பிள்ளையை எங்கயாவது பார்த்திருக்கியா?"

பாவம், ஹில்டா களைத்துப் போயிருக்கிறார் என்று ரஸ்ஸல் கவலைப்பட்டான்.

கடைசி நம்பிக்கை தேவாலயக் கூடத்தில் நடந்த பொதுக்கூட்டம். அங்கே தன் நாக்கு தன்னைக் கைவிடாது, அதாவது கைவிடும் என்று உறுதியாக நம்பினான். எழுந்தான். கூடம் நிறைந்திருந்தது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் நின்றான். பிறகு நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தான். மயக்கம் வராததே பெரிது.

"அடேயப்பா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "வாக்குறுதியே கொடுக்காம உக்கார்ந்துட்டான்!" கைதட்டல் எழுந்தது.

அடுத்து ஹில்டா எழுந்தார். "குப்பைத்தொட்டியை ஒழுங்கா மூடத் தெரியல, நாயைக் கூட்டிப்போனா அள்ளத் தெரியல. உங்களுக்கெல்லாம் கவுன்சிலர் ஒரு கேடா? இந்தத் தடவை என்னை விட்டுட்டு வேற யாரையாவது பிடிச்சுத் தொங்குங்க!"

கூரை இடியும்படி கைதட்டினார்கள். "அதான் நம்ம ஹில்டா!" என்று கத்தினார்கள். ஓட்டுக்காக ஒரு சொல் குழையவில்லையே என்று ரஸ்ஸலுக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் அவர் முகம் ஏன் இருண்டுபோனது என்பதுதான் புரியவில்லை.

வாக்குப்பதிவு நாளன்று விடாத மழை. பள்ளிக்கூட வாசலில் எஜமானர்களுக்காக நனைந்தபடி நாய்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ரஸ்ஸல் உள்ளே போய், நூலில் கட்டித் தொங்கிய குட்டைப் பென்சிலை எடுத்து, ஹில்டாவின் பெயருக்கு நேராக அழுத்திப் பெருக்கல் குறி போட்டான். வெளியே வந்தவனுக்குக் கால் நகரவில்லை. இரவு வேலை முடிந்த ஒரு நர்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். சக்கர நாற்காலியில் ஒரு முதியவரை அவர் மகள் குடை பிடித்துத் தள்ளி வந்தாள். பிரூவிட் கிழவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அதட்டவில்லை. ஒரு துண்டுப் பென்சிலைப் பிடித்து ஒரு கோடு கிழிக்க இத்தனை பேர் மழையில் வருகிறார்கள். தான் இதை விளையாட்டாக நினைத்துக் கையெழுத்துப் போட்டோமே என்று ரஸ்ஸலுக்கு முதன்முறையாக வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பூப்பந்து அரங்கில் எண்ணிக்கை. பெட்டிகளைக் கவிழ்த்ததும் மடித்த தாள்கள் மேசை முழுக்கச் சரசரவென்று சரிந்தன. வேட்பாளர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. ரஸ்ஸல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். ஒவ்வொரு தாளும் பிரியப் பிரிய, முகம் தெரியாத யாரோ ஒருவர் தன்னை நம்பியது தெரிந்தது. ஒருவர் மெல்லிய குறி போட்டிருந்தார், ஒருவர் தாள் கிழிய அழுத்தியிருந்தார். கோயிலுக்குள் நிற்பதுபோல் அவன் குரலைத் தாழ்த்தினான். "காலின், இவ்வளவு பேரா?"

"நானும் அதைத்தான் பார்க்கிறேன்" என்றார் காலின். அவர் முகம் வெளுத்திருந்தது.

கடைசியில் சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு வாக்குச்சீட்டு மிஞ்சியது. ரஸ்ஸலின் பெயருக்கு எதிரே குறிக்குப் பதிலாக யாரோ சாக்கடை மூடி ஒன்றை வரைந்து, அதற்குச் சிரித்த வாயும் வைத்திருந்தார்கள். தேர்தல் அதிகாரி அம்மாள் அதை உயர்த்திக் காட்டினார்.

"செல்லாது!" என்று பாய்ந்தான் ரஸ்ஸல். "அது ஓட்டே இல்லைங்க. கிறுக்கல்!"

"எப்படிச் செல்லாது?" என்று இடித்தது ஹில்டாவின் குரல். "அவன் கட்டத்துக்குள்ளதானே இருக்கு? சிரிக்கவும் சிரிக்குதே! அவனுக்குத்தான்!"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷ வேலையில, வேட்பாளருங்க இப்படி எதிராளிக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல. எண்ணம் தெளிவா இருக்கு. மிஸ்டர் பெக்குக்குச் சேரும்."

என்ன நியாயம், என்ன நேர்மை! ரஸ்ஸலுக்கு ஹில்டாவின் முன் மண்டியிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த ஒரு சீட்டால் கணக்கு சமமாகிவிட்டது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம்.

"சட்டப்படி சீட்டுக் குலுக்கல்" என்றார் அதிகாரி.

இரண்டு பெயர்களையும் எழுதி மடித்து, வேறு பாத்திரம் கிடைக்காமல், பூப்பந்து வைக்கும் நீளக் குழாயில் போட்டார்கள். ஒரு ஊரின் மொத்த எண்ணமும் அந்த அட்டைக் குழாய்க்குள் கடகடவென்று உருண்டது. ரஸ்ஸல் கண்ணை மூடிக்கொண்டான். 'ஹில்டா, ஹில்டா' என்று மனதுக்குள் முணுமுணுத்தான். அதிகாரி கையை உள்ளே விட்டார். தாள் பிரியும் சத்தம் கேட்டது.

"ரஸ்ஸல் பெக்."

காலின் அவனைக் கட்டிப்பிடித்தார். யாரோ முதுகில் அறைந்தார்கள். எல்லாவற்றுக்கும் அப்பால் ஹில்டா வால்டரின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுவது தெரிந்தது.

ரஸ்ஸல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். "மிஸஸ் மார்ஷாம், நான் எவ்வளவோ பார்த்தேன்... என்னை மன்னிச்சிடுங்க!"

ஹில்டா அவன் இரண்டு கைகளையும் பிடித்து, எலும்பு நொறுங்க அழுத்தி, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கோட்டு எடுக்கப் போய்விட்டார்.

ரஸ்ஸல் திரும்பினான். "சார்" என்றான் வால்டரிடம். "எங்க அம்மாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்தவங்க. அவங்களைப் போய் இப்படி அழ வச்சிட்டேனே!"

வால்டர் செய்தித்தாளை நிதானமாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒருமுறை இருமினார்.

"சந்தோஷத்துல அழறாப்பா. இருபது வருஷத்துக்கு முன்னால இதே காலின் கேட்டான்னு அவளும் உன்னை மாதிரி பேருக்குத்தான் நின்னா. அப்புறம் நிக்கமாட்டேன்னாலும் ஊர் விடல. தோக்கறதுக்குன்னு கட்சியை மாத்திக்கூடப் பார்த்துட்டா, இன்னைக்குத்தான் முதல்தடவையா தோக்க முடிஞ்சுது."