கிரைண்டர் பெட்டிக்கு இரண்டு வரி

“ஐயா இல்லீங்க,” என்றார் பேக்கிங் வேலன்.

வரதராஜுலுவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. லோகப்பிரியா அதைப் பார்த்தாள். வேலனும் பார்த்தார்.

சரவணம்பட்டியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி இறங்கியவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. கிரைண்டர் பட்டறை வரதராஜுலு, புது மாடலின் அட்டைப்பெட்டியில் போட இரண்டு வரி கேட்டிருந்தார். இது சரிப்படாவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமாவின் மில்லில் கணக்கெழுதப் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

முதல் நாள் அவள் எழுதிக்கொண்டு போனது இதுதான்: ‘அரைக்கும்போது சத்தம் கேட்காது. இட்லி சாப்பிடும்போது பேச்சு கேட்காது.’

“அருமைங்க அம்மணி. காப்பி குடிங்க,” என்றார் வரதராஜுலு.

வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. பிடிக்காததை இந்த ஊரில் யார் முகத்துக்கு நேரே சொல்வார்கள்? வேண்டாமென்று முடிவுசெய்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் இன்னொரு போண்டா வைத்து அனுப்புகிற ஊர்.

மறுநாள் வேறு எழுதிக்கொண்டு போனாள். கல்லின் பெருமை, மோட்டாரின் ஆயுள் என்று இரண்டு வரி பத்து வரியாகியிருந்தது.

“இதும் அருமைங்க. பப்ஸ் சாப்பிடுங்க கண்ணு.”

காப்பியோடு பப்ஸும் சேர்ந்ததில் அவளுடைய சந்தேகம் உறுதியானது. மனம் நோகாமல் கழற்றிவிடப் பார்க்கிறார்! பல வருடம் கழித்தும் பேக்கரியில் பப்ஸைப் பார்த்தால் அவளுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

அடுத்த முறை, பட்டறையைத் தொடங்கிய அவருடைய அப்பாவைச் சேர்த்தாள். வரதராஜுலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டு, அவருக்கும் அதைப் படித்துக்காட்டும்படி அவளிடம் சொன்னார்.

“அப்பாவத் தவிர இங்க வேற யாரும் பாடுபடலீங்களா?” என்றார் தம்பி.

தம்பியைச் சேர்த்தாள். தம்பியின் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மச்சானையும் சேர்த்தபோது, அதை அச்சடிக்கக் கிரைண்டர் பெட்டி போதாது, பீரோ பெட்டிதான் வேண்டும் என்று ஆனது. அன்று வரதராஜுலு வாழை இலை போட்டுச் சாப்பாடே போட்டார். அதன் பிறகு அவர் அவள் கண்ணில் படவே இல்லை.

இன்று சனிக்கிழமை. இந்த வாரம் எப்போது வந்தாலும் செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை.

“வேலண்ணா, இனிமே வரமாட்டேன்னு ஐயாகிட்டச் சொல்லிப்போடுங்க. எனக்கு எழுத வரலீங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

“அழுவாதீங்க அம்மணி,” என்று வேலன் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வரதராஜுலுவின் மனைவி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இருங்க கண்ணு. புது மாடலுங்க. உங்கம்மாவுக்குக் கொண்டு போயிக் குடுங்க.”

பெட்டியின் பக்கவாட்டில், பளபளவென்று, ‘அரைக்கும்போது சத்தம் கேட்காது...’

“இது நான் மொதநாள் எழுதினதுங்களே!”

“அன்னைக்கே அச்சுக்குக் குடுத்துப்போட்டாருங்க. அவ்வளவு புடிச்சுப்போச்சு.”

லோகப்பிரியாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. மில், மாமா, திங்கட்கிழமை எல்லாம் ஒரே நொடியில் தூரப் போயின. “அப்புறம் ஏனுங்க என்னைப் பார்க்கவே மாட்டேங்கறாரு?”

அந்த அம்மாள் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“ஆசை ஆசையா எழுதிட்டு வர்ற புள்ளகிட்டப் போதும்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, பாவம், மனுசன் இந்த வாரம் பூராவும் வெறுங்காலோட பின்வாசல் வழியா ஓடிட்டிருக்காருங்க!”