கிராணி வீட்டுக் கடிதம்

பாஸ்வர்ட் தவறு என்று கணினி மூன்றாவது முறையாகச் சொன்னது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த நிர்மலாதேவிக்கு வியர்த்தது. நேற்று இதே பாஸ்வர்ட் திறந்தது. இன்றைக்குத் திறக்கவில்லை என்றால், இடையில் யாரோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மின்னஞ்சல் பெட்டிக்குள் அப்படி என்ன புதையல் என்று கேட்டால், ஒரே ஒரு கடிதம்தான். வீட்டிலிருந்தபடியே சட்டம் படிக்க இங்கிலாந்தில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஒரு வக்கீல் ஆபீசில் ஊரார் வழக்கையெல்லாம் தட்டெழுதிக்கொண்டிருந்தவள் அவள். சம்மதக் கடிதத்தை எழுதிச் சேமித்தும் வைத்துவிட்டாள். அனுப்பும் பொத்தானை அழுத்தத்தான் இரண்டு வாரமாகக் கை வரவில்லை. படித்துத் தோற்றால், யாருக்கும் தெரியாமல் தோற்க வேண்டும் என்று நினைத்தாள்.

யாருக்கும் தெரியாமல் என்பது அந்த வீட்டில் நடக்கிற காரியமா? மாமனார் பெரியதம்பி நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவர். தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசில் அவர் மேசைக்குத்தான் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிரித்துப் படித்துக் காட்டுவார், பதிலும் எழுதிப் போடுவார். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அதையே செய்தார். ஓய்வு பெற்று டவுனுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. எந்த உறை வந்தாலும் அடிக்கோலால் கிழித்து, கூடத்தில் நின்று உரக்கப் படிப்பார். அவர் மகனும் நிர்மலாவின் கணவனுமான ஹரிதாசுக்கு மூல வியாதி என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் பக்கத்து வீட்டு முனியம்மாவின் காதுக்குப் போனது. மறுநாளே அந்த அம்மாள் ஒரு கூடை கருணைக்கிழங்கோடு வந்து நின்றார்.

அதனால்தான் நிர்மலா மின்னஞ்சலுக்குப் போனாள். அதற்கு உறை கிடையாது, அடிக்கோலுக்கும் வேலையில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் கூட வேலை செய்பவரிடமிருந்து ஹரிதாஸ் வாங்கி வந்த கணினி அது. மாமனார் பகலெல்லாம் அதில் சீட்டு விளையாடுவார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது வீட்டாரின் முடிவு.

பாஸ்வர்ட் கைவிட்டால் ஒரு ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லி உள்ளே போய், புதியது வைத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கத்தான் அவள் படாத பாடு பட்டாள். தாயின் பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளி எல்லாமே மாமனாருக்குத் தெரியும். கல்யாணப் பதிவுப் பாரத்தைப் பூர்த்தி செய்தவரே அவர்தான். எந்தப் பாரத்திலும் இல்லாத கேள்வி ஒன்றுதான் மிஞ்சியது. உங்களுக்கு மிகவும் பிடித்த உணவு எது?

அப்பம் பாலிக் என்று பதில் கொடுத்தாள். வாராவாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், மாமனார் வெற்றிலைக் கடையில் நிற்கும் நேரம் பார்த்து, கடலைப்பொடியும் சீனியும் வைத்துச் சுடச்சுட மடித்த ஒன்றை வாங்கி, நின்றபடியே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். யாருக்கும் பங்கு வைக்காமல் அவள் தின்னும் ஒரே பண்டம் அது.

அந்தத் திங்கட்கிழமை அப்பம் பாலிக் அவளைக் காப்பாற்றியது. கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. புதுப் பாஸ்வர்ட் வைத்துவிட்டு எழுந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் புதுப் பாஸ்வர்டும் செல்லவில்லை. மறுபடி ரகசியப் பதிலை அடிப்பதற்குள், மாமியார் சுப்பம்மா ஜாசினில் இருக்கும் தங்கையிடம் பேசத் தொலைபேசியை எடுத்தார். இணையமும் அதே ஒயர் வழியாகத்தான் வந்தது என்பதால் இணைப்பு அறுந்தது. அக்காளும் தங்கையும் பேசி முடிப்பதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

வீட்டிலேயே யாருக்காவது பதில் தெரிந்திருக்குமோ? சோறு போட்டுக்கொண்டே கேட்டுப் பார்த்தாள்.

"அத்தை, எனக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது, சொல்லுங்க பாப்போம்."

"மீன் வாலு," என்றார் சுப்பம்மா, யோசிக்காமல். "எப்பவும் அதத்தான எடுத்துக்குற."

தலையும் நடுத்துண்டும் மற்றவர்கள் தட்டுக்குப் போன பிறகு மிஞ்சுவது வால்தான் என்பதை நிர்மலா சொல்லவில்லை.

"உனக்கு எல்லாமே பிடிக்கும்லா," என்றான் ஹரிதாஸ்.

மாமனார் கேள்வியே காதில் விழாதவர் போல ரசத்தை உறிஞ்சினார்.

ஆக, ரகசியம் பத்திரமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் கூட இருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல எழுந்து போய்விட்டாள்.

புதன்கிழமை ஆபீசில் கூட வேலை செய்யும் சாமிநாதன் அவள் பயத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். அந்த 1999ஆம் வருடத்திலேயே கம்ப்யூட்டர் விஷயம் அத்தனையும் கரைத்துக் குடித்தவர் அவர். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டே தொலைபேசி ஒயர் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறார்களாம். அன்று மாலை நிர்மலாவுக்குக் கணினி பக்கம் போகவே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது தொலைபேசி ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மத்தியானம் ஆலையிலிருந்து கூப்பிட்ட ஹரிதாஸ், மணி அடித்துக்கொண்டே இருந்தும் யாரும் எடுக்காததால், அப்பா விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். அப்பா சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். அரை நாள் சம்பளம் போன கோபத்தில், இனி யாரும் ஒயரைத் தொடக்கூடாது என்று அன்றிரவு அவன் கத்தினான்.

ஒயரைத் தொடக்கூடாது என்று ஆனதும், வெள்ளிக்கிழமை அவள் கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்தையே கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனாள். இன்றைக்கு மாலை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவது என்று பகலெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பையை மேலே வைத்தவள், குடையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் அவளுடைய மோடத்தோடு மலாக்கா நோக்கிப் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்தவள் கூடத்து நடுவில் உட்கார்ந்து அழுதாள். அத்தனையும் வெளியே வந்தது. கல்லூரி, கடிதம், கெடு, பஸ். மாமனார் இத்தனை வருடமாக உரக்கப் படித்த கடிதங்களை விட உரக்கவே சொல்லி முடித்தாள்.

"வக்கீலா?" என்றார் சுப்பம்மா. "இப்பவே உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியல."

ஹரிதாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட கூடவா சொல்லல?" என்று கேட்டான். பிறகு அவன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். மலாக்கா டவுனில் சைபர் கஃபே இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது, ஏறு என்றான்.

மூலையில் கணினி முன்னால் இருந்த பெரியதம்பி திரும்பவில்லை. ஒரு சீட்டை நகர்த்தி வைத்தார். உரக்கவே பேசிப் பழகிய குரல் அன்றைக்குத் தாழ்ந்திருந்தது.

"சாவிய வையிடா ஹரி, மருமக எழுதி வெச்சிருந்தத நான் செவ்வாக்கிழமையே அனுப்பிட்டேன், அப்பம் பாலிக்னு அடிச்சா அது தொறந்துக்குதுலா."