சிலோன் பவுன் சாட்சி

விஜயன் கடித்தது தங்கமா கல்லா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். உடைந்தது கடைவாய்ப்பல் என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வாய்க்குள் கட்டியும் கிடந்தது, பல்லும் கிடந்தது. எதைத் துப்புவது, எதை வைத்துக்கொள்வது என்று நாக்கு திணறியது.

தேவாலா ஓடையில் நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் தங்கம் தேடி மரத்தட்டில் மண் அலசுகிறவன் அவன். சவுக்கு மரக்கிளை விழுந்து கால் முறிந்து, கோயம்புத்தூரில் ஆப்பரேஷன் முடிந்து எழுந்து வந்ததிலிருந்து வந்த பழக்கம். அந்த ஆப்பரேஷன் செலவை, அவன் வேலை பார்க்கும் தேயிலை எஸ்டேட் கொடுத்ததாக மனைவி ரஞ்சனி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மேனேஜரின் ஜீப் காலியாகப் போனாலும் விஜயன் ஒரு வணக்கம் வைப்பான்.

நாலு வருஷத்தில் ஓடை கொடுத்தது கடுகளவுத் தூள். இன்றைக்குத்தான் கொண்டைக்கடலை அளவில், மஞ்சளாக ஒன்று. அதுவும் ரஞ்சனி வைத்த கெடு முடிகிற நாளில்.

"இந்த ஞாயிறும் வெறுங்கையோட வந்தீங்க, தட்டை அடுப்புல வச்சிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கெளம்பறோம்" என்று சொல்லியிருந்தாள். திருப்பூர் வெயிலை நினைத்தாலே விஜயனுக்கு மலையை விட்டு இறங்குவதற்குள் வியர்த்துவிடும்.

எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் மாமனார் பழனியாண்டி கட்டியை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

"மாப்ள, தங்கம்னா அதுல பல்லு பதியணும். பல்லே பேந்து வந்தா அது தங்கமில்ல."

"உங்க வாயில ஒரு பல்லுகூட இல்ல. நீங்க எங்க மாமா கடிச்சுப் பாத்தீங்க?"

"பாத்துத்தான்யா இல்லாமப் போச்சு."

பக்கத்து வீட்டுத் தெய்வம்மா ஒரு வழி சொன்னாள். தங்கம் என்றால் தட்டினால் நசுங்குமாம், உடையாதாம். விஜயன் அவளுடைய அம்மியிலேயே கட்டியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

அம்மி இரண்டானது. வெள்ளையாக ஒரு சில்லு தெறித்தது. கட்டி துள்ளிப் போய்த் தெய்வம்மாவின் கருவாட்டுக் குழம்பில் விழுந்தது.

"படுபாவி, எங்க மாமியா மண்டையில போட்டாக்கூட ஒடையாத அம்மிடா அது!"

"போட்டுப் பாத்தியாக்கா?"

தெய்வம்மா கரண்டியை ஓங்கினாள். பழனியாண்டி நடுவில் புகுந்து, குழம்பிலிருந்து கட்டியை எடுத்தார்.

"வெள்ளையா ஒடையுது, பாத்தியளா? சந்தேகமா இருந்தா எஞ் சங்கிலியோட ஒரசிப் பாத்துருவோம். சாட்சி சொல்லட்டும், சிலோன் பவுன்!"

அந்தச் சங்கிலியின் கதை லயத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். சிலோனில் அட்டன் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஊர் திரும்பக் கப்பலேறும்போது, பழனியாண்டி வேட்டி மடிப்பில் தைத்துக் கொண்டுவந்தது. மகள் கல்யாணத்துக்குப் போட்டது. ரஞ்சனி அதைக் கல்யாணம் காட்சிக்கு மட்டும் அணிந்துவிட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டிவிடுவாள். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டி திறந்தது.

உடைந்த அம்மியின் வழவழப்பில் விஜயன் இரண்டையும் உரசினான். சங்கிலி சிவப்பாகக் கோடு போட்டது. கட்டி எலுமிச்சை நிறத்தில் வெளிறிப்போய் இழுத்தது.

"முடிஞ்சு போச்சு" என்றார் பழனியாண்டி. "ஒத்து வரல."

விஜயனுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தரம் அழுத்தி உரசினான். கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கிலியின் கொக்கி கையோடு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பந்தலூரில் ஒரு கல்யாணம், ரஞ்சனி சங்கிலியைத் தேடுவாள்! சங்கிலி சட்டைப் பைக்குள் போகவும் ரஞ்சனி அரிசிப் பையோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

நடந்ததில் கொக்கியை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னார்கள். அவள் முகம் என்னவோ போலானது.

"அந்தச் சங்கிலியோடவா ஒரசுனீங்க? வேற... வேற யாரோட நகையிலயாவது ஒருக்கா..."

"ஏம்மா, எஞ் சங்கிலி மேலயே நம்பிக்கை இல்லியா ஒனக்கு?" பழனியாண்டி அவள் முன்னால் வந்து நின்றார்.

ரஞ்சனி அப்பாவைப் பார்த்தாள், விஜயனின் காலைப் பார்த்தாள், அரிசியைக் கொட்ட உள்ளே போய்விட்டாள்.

சொன்ன சொல் தவறக்கூடாதென்று விஜயன் தட்டை அவனே பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தான். நாலு வருஷத் தட்டு, ஒரு குளியலுக்குத்தான் வந்தது. அம்மிக்கு ஈடாகக் கட்டியை நீட்டினால் தெய்வம்மா, "ஒடஞ்ச கல்லுக்கு இன்னொரு கல்லா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை, கொக்கியைப் பற்றவைக்க யாருக்கும் தெரியாமல் கூடலூருக்கு பஸ் ஏறினான். நகைக்கடை பாலசுப்பிரமணியத்தின் முன்னால் சங்கிலியை எடுத்தபோது கட்டியும் கூடவே உருண்டு விழுந்தது.

அவர் கட்டியை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். எடை பார்த்தார். மறுபடி எடை பார்த்தார். பிறகு சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, டீ சாப்பிடறீங்களா?"

"கொக்கிக்கு எவ்வளவுங்க?"

"அதைய நாங்க பத்தவைக்கறதில்லீங்க." கல்லாவுக்கு மேலாக எட்டி அவன் காலைப் பார்த்தார். "காலு இப்ப எப்படி இருக்குதுங்க?"

விஜயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதரை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"எங்கால் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? மொதலாளி, சுத்தி வளைக்காதீங்க. பல்லு போச்சு, அம்மி போச்சு, தட்டு போச்சு. நேராச் சொல்லிருங்க."

"சொல்லிப்போடறேனுங்க. கட்டி நல்ல தங்கம். உள்ளுக்குள்ள கொஞ்சம் வெள்ளைக்கல் ஒட்டியிருக்குது, அதைத்தான் கடிச்சிருக்கீங்க. சங்கிலிதான் கவரிங்கு."

உடைந்த பல்லின் இடம் தெரிய விஜயனின் வாய் திறந்தது. "அப்ப... எங்க மாமனாரோட சிலோன் சங்கிலி?"

"நாலு வருசத்துக்கு முன்ன, உங்க ஊட்டுக்காரம்மா, அதே மாதிரி கவரிங்கு எங்க கிடைக்கும்னு வெசாரிச்சுட்டு, ஆப்பரேசனுக்குன்னு அதைய எங்கிட்டத்தான் வித்தாங்க. இப்ப நின்னுட்டிருக்கீங்களே, அது மேலதானுங்க."