லாக்பே நா தாதுவும் உறை போடாத போனும்

கொல்கத்தாவில், கரியாஹாட் நடைபாதையில் செல்போன் கவர் விற்கிறவனுக்கு எதிரிகள் நிறைய. மழை, போலீஸ், ஆன்லைன், எதிர்ச் சாரியில் அதே கவரை அதே குரலில் விற்கும் இன்னொருத்தன். இவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து வந்தாலும் லாக்பே நா தாது ஒரு மாலையில் செய்யும் நாசத்துக்கு ஈடாகாது. வாங்கி மாட்டிய கவரைக்கூடக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வைத்த மனிதர் அவர். நான் எத்தனையோ ஊர் பார்த்தவன். அப்படி ஒருவரை வேறு எங்கும் பார்த்ததில்லை.

பெயர் வந்த கதை சின்னது. நாள் முழுக்க நாங்கள் "கவார் லாக்பே? கிளாஸ் லாக்பே?" என்று தொண்டை கிழியக் கத்துவோம். கவர் வேண்டுமா, போன் திரைக்குக் கண்ணாடி வேண்டுமா என்று அர்த்தம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் "லாக்பே நா!" என்று திருப்பிக் கத்தும். வேண்டாம். தனக்கு வேண்டாம் என்றால் போய்விட வேண்டியதுதானே? அவர் ஊருக்கே வேண்டாம் என்று சொன்னார். தாது என்றால் அங்கே தாத்தா. நடைபாதைக்காரர்கள் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன் மடித்தேன், சூரத்துச் சாயப்பட்டறையில் கை வெந்தது, புவனேஸ்வரில் ஒருவரோடு சேர்ந்து இட்லி வண்டி தள்ளினேன், அவர் வண்டியோடு ஓடிவிட்டார். பிறகு கொல்கத்தா. பாபிதா, அதாவது பாபி அண்ணன், என்ற வங்காளியின் கவர் கடையில் வேலை. கடை என்றால் நாலு இரும்புக் குழாய், மேலே நீலத் தார்பாய். படுக்கையும் அதற்கடியில்தான். எலி காலைக் கடிக்கும். காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் கடிக்காது.

முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கல்லூரிப் பெண் ஜிகினா போட்ட கவரைத் தேர்ந்தெடுத்து, பையைத் திறந்துவிட்டாள். சலவைச் சட்டையும் கான்வாஸ் செருப்புமாக ஒரு கிழவர் இடையில் புகுந்தார். அவள் கையிலிருந்த போனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தியில் ஆரம்பித்தார்: "எத்தனை பேர் ராப்பகலாக உட்கார்ந்து இதை இவ்வளவு மெலிசாக்கினார்கள் தெரியுமா? நீ இதுக்கு ரப்பர் செருப்பு மாட்டப் போகிறாயா?" பெண் சிரித்தாள். ஜிகினாவைக் கீழே வைத்தாள். போய்விட்டாள்.

பாபிதா பல்லைக் கடித்தார். கிழவர் தனக்குத்தானே, "அப்பாடா, ஒரு போனு பொழச்சுது" என்றார். தமிழ்!

"என் பொழப்பு போச்சேய்யா" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ தமிழா? அட கெரகமே! தமிழனா இருந்துட்டு இந்த வேலையா பண்றே?"

"எந்த வேலைங்கய்யா?"

"போனுக்குச் சவப்பெட்டி விக்கிற வேலை."

கோயமுத்தூர்க்காரர். மத்திய அரசு உத்தியோகம். கார்டன் ரீச் பக்கம் ஓர் ஆபீசில் தலை நரைத்து, ஓய்வு பெற்று, ஊரின் மறுகோடியில் நியூ டவுனில் மகனோடு இருந்தார். ஆபீசில் இங்கிலீஷ், கடைத்தெருவில் இந்தி, வீட்டில் கொங்குத் தமிழ் என்று காலத்தை ஓட்டிவிட்டார். வங்காளத்தில் அவருக்கு உருப்படியாகத் தெரிந்தது எங்கள் கடை முன்னால் கத்துகிற அந்த இரண்டு சொல்தான்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, எங்கள் குழாயில் சாய்ந்து நின்று, தன் போனை இரண்டு விரலால் பிடித்து ஊருக்குக் காட்டுவார். மகன் வாங்கிக் கொடுத்த விலையுயர்ந்த போன். அம்மணமாக இருக்கும். பாலிஷ் போட்ட ஓரம் நியான் விளக்கில் மின்னும்.

"கீழே விழுந்தால்?" என்று யாராவது கேட்டால், "விழறதுக்கா வாங்குன?" என்பார். அதோடு கேள்வி கேட்டவன் முடிந்தான்.

ஒரு தடவை டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கவர் பார்க்க வந்தார். இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். போலீஸ்காரர் தன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி, "அப்படியானால் இதுவும் வேண்டாமா, தாது?" என்று கேட்டார். தாது கொஞ்சம் யோசித்து, "உள்ளே ஏதாவது இருந்தால் வேண்டும்" என்றார். நாங்கள் கடையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டோம். நல்ல காலம், போலீஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இரண்டு கவர் எடுத்துப் போனார். பணம் கொடுக்கவில்லை.

அப்போதுதான் பாபிதாவுக்கு ஒன்று புரிந்தது. கிழவர் பேசினால் கூட்டம் கூடுகிறது. பத்துப் பேர் அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனாலும் பதினோராவது ஆள் அவர் கையில் ஆடும் அந்த மொட்டைப் போனைப் பார்த்துப் பயந்து கவர் வாங்குகிறான். பாபிதா அவருக்கு ஸ்டூல் போட்டார். மண் குவளையில் டீ வந்தது. தன் பிரசாரத்துக்கு மரியாதை கிடைக்கிறது என்று தாது நினைத்துக்கொண்டார். நான் உண்மையைச் சொன்ன நாளில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப இத்தன நாளும் உங்களுக்கு நாந்தான் விளம்பரமா?"

"ஆமாங்கய்யா."

"சம்பளம் யார்ரா தருவா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

கவர் மீது அவருக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று ஒரு மழை நாளில் தெரிந்தது. தார்பாய்க்கு அடியில் நாங்கள் இருவர் மட்டும். வியாபாரம் இல்லை. கணுக்கால் வரை தண்ணீர்.

"என்ற ஊட்டுல கவர் இல்லாத பொருளே கெடையாது தம்பி" என்றார். "நாந்தான் போட்டேன். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக், பிரிஜ்ஜுக்குத் துணி, பெட்டிக்குப் பெட்டிச் சட்டை. சோபா வாங்குனோம். கடைக்காரன் சுத்திக் குடுத்த பிளாஸ்டிக்க எடுக்கவே வுடல. என்ற ஊட்டுக்காரி அது மேலதான் உக்காருவா. இந்த ஊரு வேர்வைக்கு முதுகு ஒட்டிக்கும். எந்திரிச்சா பர்ருன்னு சத்தம் வரும். விருந்தாளிக சிரிப்பாங்க, அவளுக்கு மானம் போகும். ஒரு நாளாச்சும் எடுங்கன்னு கேப்பா. நல்ல நாள்ல எடுக்கலாமும்பேன்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். அவ போனதுக்குப் பொறவு. நியூ டவுனுக்குக் காலி பண்றப்ப, புது ஊட்டுக்குப் புதுசா போகட்டும்னு கத்திய வெச்சுக் கிழிச்சேன். உள்ள பூராவும் கருப்புப் பூஞ்சை. சாமான் தூக்க வந்தவனுக மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டானுக. வெயில் படாம, காத்துப் படாம, உள்ளயே அழுகிப்போச்சு. அந்தத் துணி மேல ஒருத்தரும் உக்காராமயே." ஸ்டூலைத் தண்ணீர் குறைந்த பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். "குப்பை வண்டிக்காரன்கூட வேண்டாம்னுட்டான் தம்பி."

கொல்கத்தாவில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். அந்த ஊர் ஈரத்தில் எதை மூடி வைத்தாலும் அது உள்ளிருந்து கெடும். செருப்பு, புத்தகம், அரிசி. மனிதர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் போனில் அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மகன் ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. அப்பா தனியாக இவ்வளவு தூரம் போவது பிடிக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று தன் போனில் வரைபடத்தில் பார்த்துக்கொள்வான். இவரை ஒரு புள்ளியாகக் காட்டும். அதை நம்பித்தான் வெளியே விட்டான். போன் உடைந்தால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் கரியாஹாட் இல்லை. கறாராகச் சொல்லிவிட்டான்.

"அப்ப ஒரு கவரப் போட்டுத் தொலைங்களேன்யா" என்றேன். "நானே சும்மா தர்றேன். போனும் பத்திரம், நீங்களும் வரலாம்."

"கவரு போட்டுக்கிட்டு வர்றதுக்கு வராமயே கெடக்கலாம்."

"வர முடியாமப் போயிரும்யா!"

"அதுக்காவ? இதும் பிளாஸ்டிக்குக்குள்ள கெடக்கோணுமா?"

வாயைக் கொடுத்தது என் தப்பு என்று கவர்களை அடுக்கப் போனேன்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் கரியாஹாட்டில் நடக்க முடியாது. கூட்டம் நம்மை எடுத்துக்கொண்டு போகும். அப்படி ஒரு மாலை, நான் சரக்கு எடுக்கக் கிடங்குக்குப் போயிருந்தேன். யாரோ புடவைப் பையால் இடித்திருக்கிறார்கள். தாது நடைபாதை விளிம்பிலிருந்து தெருவில் விழுந்தார். கையை ஊன்றியிருந்தால் தப்பித்திருப்பார். ஊன்றவில்லை. போன் இருந்த கையை மேலே தூக்கிக்கொண்டு, இடுப்பு தரையில் மோத விழுந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நாலு பேர் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். வங்காளத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வேண்டும் என்பதற்கும் அடிபட்டு வலிக்கிறது என்பதற்கும் ஒரே வேர்ச்சொல். "லேகேச்சே?" என்றார்கள். வலிக்கிறதா?

"லாக்பே நா" என்றார் தாது.

"டாக்தார் லாக்பே?" டாக்டர் வேண்டுமா?

"லாக்பே நா."

இரண்டுக்கும் ஒரே பதில். வலியும் இல்லை, டாக்டரும் வேண்டாம். எல்லாரும் சிரித்தார்கள். கெட்டியான கிழவர் என்று பாராட்டிவிட்டுப் புடவை வாங்கப் போனார்கள். பாபிதா டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நான் வந்தபோது டீ ஆடை கட்டியிருந்தது. தாதுவின் சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்தியா தம்பி. ஒரு கீறல் இல்ல."

"உங்களுக்கு என்னய்யா ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கு?"

என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குப் பக்கத்தில் சொன்னார். "உசுரு போகுது சாமி. இடுப்புல என்னமோ முறிஞ்சிருச்சு. சத்தம் போடாத. பையனுக்குத் தெரிஞ்சா இன்னையோட முடிஞ்சுது. கொஞ்ச நேரம் உக்காந்தா எந்திரிச்சுருவேன். பஸ் ஏத்தி வுட்டுரு."

எழுப்பிப் பார்த்தேன். அவரால் எழ முடியவில்லை. அவர் கையிலிருந்து போனை வாங்கி மகனைக் கூப்பிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று என் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கீறல் விழாத போன் நன்றாக வேலை செய்தது. முதல் மணியிலேயே மகன் எடுத்துவிட்டான்.

மருத்துவமனையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் பாதிதான் வரும்; அண்ணனுக்குத் தாதா, இடத்துக்கு ஜாய்கா. "மேப்ல பாத்தேன் தாதா. ரொம்ப நேரமா ஒரே ஜாய்கால காட்டிச்சு. தினமும் அங்கதான நிப்பார், அதனால பிராப்ளம் இல்லன்னு நினைச்சேன்" என்றான். புள்ளி விழாது. புள்ளிக்கு இடுப்பு இல்லை. அவருடைய பொருட்களை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். போன் முதல் தடவையாக உறைக்குள் போனது.

ஒரு முறை நியூ டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். வாசல் காவலாளி என்னை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்த பிறகு விட்டான். உயரமான மாடி. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி. மேஜை முனைகளில் பஞ்சு ஒட்டியிருந்தது. பிடித்து நடக்கும் கம்பிச் சட்டத்தின் கால்களில் ரப்பர். ஜன்னலுக்கு வலை. பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள். மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். போன் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. மேலே கறுப்பு ரப்பர் கவர், செங்கல் கனத்துக்கு. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"வாங்கறதுதான் வாங்குனான், உங்கிட்ட வாங்கியிருக்கலாமில்ல?" என்றார். இருவரும் சிரிக்கப் பார்த்தோம். அவருக்குச் சிரித்தால் இடுப்பு வலித்தது.

இனி வெளியே விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது விளக்கேற்றும் நேரத்தில் என் போனுக்கு அழைப்பு வரும். பிரசாரம் எதுவும் இல்லை. என்ன கூட்டம், யார் வந்தார்கள், ட்ராம் ஓடுகிறதா, பாபிதா இன்றைக்கு யாரை ஏசினார் என்று கேட்பார். அந்தக் கவர் பேசுகிற ஓட்டையையும் சேர்த்து மூடியிருக்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். பாதி எனக்குப் புரியாது. நேற்றும் அப்படித்தான்.

"ஐயா, ஒண்ணுமே கேக்கல. அந்தக் கவரக் கழட்டிட்டுப் பேசுங்க."

போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கொஞ்சம் கேட்டது. "வேண்டாம் தம்பி. கை நடுங்குது, வுழுந்துரும். இதும் ஒடஞ்சா பொறவு எனக்கு கரியாஹாட்டே இல்ல" என்றார்.

எதிரே ஒருவன் கவர் கேட்டு நின்றுகொண்டிருந்தான். இருக்கட்டும் என்று அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"விழுந்தா விழட்டும்யா. ஒடஞ்சா நானே அங்க வந்து கரியாஹாட் கதை எல்லாத்தையும் சொல்றேன். நீங்க கழட்டுங்க, உங்க குரல் கேக்கணும்."