புதுயுகத்தின் பொதுச் சட்டை

உலகத்தைத் திருத்தக் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர். அதை மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில், நான்கு பிரம்மச்சாரிகளை வைத்துக்கொண்டு திருத்தக் கிளம்பியவர் புதுயுகம் ஒருவர்தான்.

எழுபதுகளின் ஆரம்பம். புதுயுகம் என்பது எங்களோடு தங்கியிருந்த அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் லஸ் நடைபாதைக் கடையில் ஒரு பழைய நாவல் வாங்கி வந்தார். யாருக்கும் எதுவும் சொந்தமில்லாத ஒரு கற்பனை ஊர். எல்லாரும் உழைத்து, ஒரே கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டு, சந்தோஷமாக இருக்கிறார்களாம். புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை.

"ஊரு கடைசியில என்ன ஆச்சு சார்?" என்றேன்.

"அதை நாமதான்யா முடிச்சுக் காட்டணும்!"

மறுநாளே எங்கள் போர்ஷன் பொதுவுடைமை நாடாகிவிட்டது. சமையல், பெருக்கல், தண்ணீர் அடித்தல் எல்லாம் முறை வைத்து. சோப்பு பொது, செருப்பு பொது. பல் தேய்க்கும் பிரஷ் ஓட்டெடுப்பில் மயிரிழையில் தப்பியது.

சலவைக்காரர்தான் முதலில் கலகம் செய்தார். வழக்கமாக ஒவ்வொருவர் துணிக்கும் ஒரு குறி போடுவார். புதுயுகம் எல்லாவற்றுக்கும் ஒரே குறி போடச் சொல்லிவிட்டார்.

"இன்னா சார் இது, அக்குறும்பா கீது? யார் சட்டை யாருதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"யாருக்குமே தெரியக்கூடாது. அதான்யா கொள்கை!"

அதன்பிறகு முதலில் எழுந்தவருக்கு நல்ல சட்டை. கடைசியில் எழுகிறவன் பெரும்பாலும் நான்.

இந்த நேரத்தில் எனக்கு மயிலாப்பூரில் ஒரு வரன் வந்தது. போட்டோவைப் பார்த்த கணமே விழுந்துவிட்டேன். கட்டினால் இவள், இல்லையென்றால் சாமியார் என்று முடிவே செய்துவிட்டேன். பெண் பார்க்கப் போகிற அன்று என் ஒரே டெரிலின் சட்டை வேறு யார் மேலேயோ ஏறி மேட்னி ஷோ போயிருந்தது. எனக்கு மிஞ்சியது புதுயுகத்தின் கதர்ச் சட்டை. அதற்குள் இன்னொரு ஆளும் தாராளமாக நுழையலாம். ஊரிலிருந்து வரவேண்டிய சித்தப்பாவுக்குக் காய்ச்சல். பெரியவர் என்று கூட வந்ததும் புதுயுகமே.

"நீங்க வாயே திறக்கக் கூடாது சார்," என்று பஸ்ஸிலேயே கெஞ்சினேன். தலையாட்டினார்.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சொஜ்ஜி, பஜ்ஜி ஆனதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளைக்கு ஊர்ல சொத்து ஏதாவது..."

"ஒண்ணுமே கிடையாதுங்க!" என்றார் புதுயுகம் பெருமை பொங்க. "போட்டிருக்காரே, இந்தச் சட்டைகூட அவரோடது இல்லை."

வாத்தியார் கையிலிருந்த காப்பி பாதி வழியில் நின்றது. "இரவலா?"

"சேச்சே! பொது."

அப்புறம் மடை திறந்துவிட்டது. கற்பனை ஊர், எங்கள் போர்ஷன், ஒரே குறி எல்லாம் வந்தன. "செவ்வாய்க்கிழமை இவர் சமையல் முறை. ரசம் சுமார்தான், ஆனா பாத்திரம் பளிச்சுனு தேய்ப்பார்!" என்று முடித்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

வாத்தியார் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்." கதை முடிந்தது என்று நானும் எழுந்தேன்.

"அப்பா, ஒரு நிமிஷம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெண் கதவருகே வந்து நின்று நேராகப் புதுயுகத்தைக் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் அவருக்கு அந்தச் சமையல் முறை உண்டா சார்?"

"எங்க நாட்டுச் சட்டம்மா அது! நானே வந்து பார்ப்பேன்."

"அப்ப எனக்குச் சம்மதம்."

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆகிப் போர்ஷனைக் காலி செய்தோம். "சார், உங்க நாடு காலியாயிடுச்சே," என்றேன், மனசு கேட்காமல்.

"காலி எங்கய்யா ஆச்சு? ஊரெல்லாம் பரவியிருக்கு!" என்று சிரித்தார்.

ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். நேரே சமையலறைக்குள் போய் யார் முறை என்று விசாரிப்பார். நானோ என் மனைவியோ அவரை ஒருநாளும் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. சொந்த வீட்டுக்கு வருகிறவரை யாராவது கூப்பிடுவார்களா?